தறிக்குழியில் ஒரு ஜோடி பூட்ஸ்

இளம்பிள்ளை ஊருக்கு டூரிங் கொட்டகை வந்திருக்கும் செய்தியை மயில்சாமி கொண்டுவந்தபோது, கந்தம்மாள் வாசலில் ராட்டையின் முன் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் சாரதாமணி, இரண்டரை வயதுக்காரி, கொட்டாங்கச்சியில் மண்ணை நிரப்புவதும் கவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"மாமனார் இருக்காரா அம்மிணி?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான் மயில்சாமி.

"உள்ளே தறியில இருக்காருங்க. ஏனுங்கண்ணா, டோலக்கைக் காணோம்? அது தோள்ல இல்லாமப் பார்த்தா நீங்க பாதி ஆளாட்டத் தெரியுது."

"ஸ்டுடியோவுல வேலை இருந்தாத்தானே டோலக்கு? யுத்தம் வந்ததுலேருந்து பிலிமே கிடைக்க மாட்டேங்குது. இப்ப என்ற பொண்டாட்டி அதுமேல அரிசி முறத்தை வெச்சிருக்கா." சிரித்தவன், சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். "வெள்ளிக்கிழமை நம்ம படம் போடறாங்க. மூணு நாள்தான். சொல்லிட்டுப் போலாமுன்னு வந்தேன்."

கந்தம்மாளின் கை நின்றது. ராட்டை மட்டும் சுற்றியது. நூல் பட்டென்று அறுந்தது.

நம்ம படம் என்று மயில்சாமி சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அதில் டோலக் அவனுடையது. அந்த டோலக்குக்குப் பதில் சொல்லும் கால் சத்தம் கந்தம்மாளின் புருஷன் காளியண்ணனுடையது. அவன் இறந்து ஒரு வருஷம் பத்து மாதம் ஆகிவிட்டது.

உள்ளே தறிச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. மாமனார் அர்த்தநாரி, மகனை வீட்டை விட்டு அனுப்பிய நாளிலிருந்து மூன்று வருஷமாக அவன் பேரை வாயால் சொன்னதில்லை. மகனுக்குக் கொள்ளி வைத்த அன்றுகூடச் சொல்லவில்லை.

*

காளியண்ணனுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது சேலத்தில் ஓர் இங்கிலீஷ் படம் பார்த்த பிறகுதான். நெய்த புடவைகளைக் கடையில் சேர்க்கப் போனவன், திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்ததால் மத்தியானக் காட்சிக்குள் நுழைந்தான். வாத்தியக் கடைச் சிப்பந்தி ஒருவன், முதலாளி வெளியே போன நேரத்தில், கடையிலிருந்த முரசுகளுக்கு நடுவே ஆடுகிறான். கையால் ஒரு தட்டு, பூட்ஸ் காலால் அதற்கு நாலு தட்டு. பிறகு கை நின்றுவிடுகிறது. கால் மட்டும் தரையில் முரசடிக்கிறது. படத்தில் பேசிய பேச்சு ஒரு சொல்லும் காளியண்ணனுக்குப் புரியவில்லை. காலின் கணக்கு முழுக்கப் புரிந்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து தறிக்கு அடியிலுள்ள குழிக்குள் உட்கார்ந்து, தறியை ஓட்டும் மிதிகட்டைகளை மிதித்த கால் அவனுடையது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கந்தம்மாளிடம் சொன்னான்: "அந்த வெள்ளைக்காரன் தறி இல்லாமயே நெய்யறான் புள்ளே!"

கல்யாணமாகி அப்போது நாலு மாதம்தான். கந்தம்மாள் ராசிபுரத்துப் பெண். அங்கேயும் நெசவுக் குடும்பம்தான். புருஷன் சொல்வது புரியாவிட்டாலும், சொல்லும்போது அவன் முகம் இருந்த அழகுக்காகத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

செவ்வாய்ப்பேட்டையில் பழைய சாமான் விற்பவனிடம் ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கினான். எந்தத் துரை போட்டுக் கழித்ததோ. அதன் அடியில் இரும்பு வைக்க வேண்டும். அதற்கு யாரிடம் போவது? சந்தையில் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவரிடம் போனான்.

"எந்தக் காளைக்குத் தம்பி?" என்று கேட்டாராம் அவர்.

"இந்தக் காளைக்குத்தானுங்க" என்று தன் காலைத் தூக்கிக் காட்டினானாம்.

அவர் சிரித்து ஓய்ந்து, லாடத்தை மெல்லிசாகத் தட்டி, குதிகாலிலும் நுனியிலும் அடித்துக் கொடுத்தார். கஞ்சமலை அடிவாரத்தில் ஒரு தட்டைப் பாறை உண்டு. வெயில் இறங்கியதும் காளியண்ணன் அங்கே போய் ஆடிப் பழகுவான். அங்கேதான் ஒருநாள் மயில்சாமி அவனைப் பார்த்தான். ஏற்காட்டு மலையடிவாரத்து ஸ்டுடியோவில் டோலக் வாசிக்கும் மயில்சாமி, அமாவாசைக்குச் சித்தர் கோவிலுக்கு வந்தவன், பாறையிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுப் பாதி வழியில் நின்றுவிட்டான். பிறகு டோலக்கை எடுத்துக்கொண்டு வாராவாரம் வர ஆரம்பித்தான். டோலக் ஒரு கேள்வி கேட்கும். கால் பதில் சொல்லும். இருவரும் சின்னப் பிள்ளைகளைப் போல விளையாடுவார்கள்.

இதெல்லாம் அர்த்தநாரிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கோபித்திருப்பார், ஆனால் வீட்டை விட்டு அனுப்பியிருக்க மாட்டார். அனுப்பும்படி செய்தது கந்தம்மாளின் தவறு ஒன்றுதான்.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு வீடு முழுக்க ஒழிக்க வேண்டியிருந்தது. பரணில் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த பூட்ஸை எங்காவது மறைத்தாக வேண்டும். கந்தம்மாள் யோசித்தாள். ராசிபுரத்தில் அவள் பிறந்த வீட்டில், பூஜைக்கு முந்தின சாயங்காலமே பெண்கள் தறிக்குழியை மெழுகி, மிதிகட்டைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவார்கள். அதன் பிறகு விஜயதசமி காலை வரை யாரும் குழியில் கால் வைக்கக் கூடாது. ஆக, வீட்டிலேயே ஒருவரும் எட்டிப் பார்க்காத இடம் அதுதான். முந்தின நாள் குழியை மெழுகி முடித்ததும், குழியின் பக்கச் சுவரில் வெற்றிலைப் பையும் எண்ணெய்க் கிண்ணமும் வைப்பதற்கென்று இருந்த பொந்துக்குள் பூட்ஸைத் துணியில் சுற்றித் திணித்து வைத்தாள். நல்ல யோசனை செய்தோம் என்று அவளுக்குச் சந்தோஷம்கூட.

இளம்பிள்ளையில் வழக்கம் வேறு. இங்கே பூஜையன்று விடியலில் வீட்டுப் பெரியவர் குளித்து, ஈர வேட்டியோடு குழிக்குள் இறங்கி, தானே மிதிகட்டைக்கு மஞ்சள் வைப்பார். அந்தப் பொந்தில்தான் முதல் விளக்கை ஏற்றுவார். கல்யாணமாகி அவளுக்கு அது முதல் சரஸ்வதி பூஜை. யாரும் சொல்லவும் இல்லை, அவளுக்குக் கேட்கவும் தோன்றவில்லை.

அர்த்தநாரி கையில் விளக்கோடு இறங்கினார். பிறகு துணி மூட்டையோடு ஏறி வந்து, கூடத்தில் அதை அவிழ்த்தார். இரும்பு அடித்த இரண்டு பூட்ஸ்களும் பூஜைத் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தன.

குழிக்குள் இறங்கும்போது செருப்பில்லாத காலையும் கழுவிக்கொண்டு இறங்குகிற குடும்பம் அது. சோறு போடும் குழி. அதற்குள் செத்த மாட்டின் தோல்.

"இது எப்படி அங்க வந்துச்சு?"

வாயைத் திறக்கப் போன கந்தம்மாளை முந்திக்கொண்டு காளியண்ணன் சொன்னான்: "நாந்தானுங்கப்பா. நேத்துப் போட்டுக்கிட்டு எறங்குனேன். மிதிகட்டையில சத்தம் நல்லா வருமான்னு பார்த்தேன்."

"பூட்ஸ் காலோடயா?"

"ஆமாங்க."

அர்த்தநாரி மகனை அடிக்கவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் காலு இனிமே இந்தப் படியேறக் கூடாது."

கந்தம்மாள் அப்போது நாலு மாதக் கர்ப்பம். புழக்கடையில் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லிடறேன். இப்பவே போய்ச் சொல்லிடறேன்" என்று அழுதாள்.

"பேசாம இரு. உன்ற பேரைச் சொன்னா உன்னை ராசிபுரத்துக்கு அனுப்பிருவாரு. வந்து வருஷம் ஆகாத மருமக குழியைத் தீட்டாக்கிட்டாள்னு தெருவே பேசும். நான் மகன். பத்து நாள் போனா அவரே கூப்பிடுவாரு பாரு. தீவாளிக்கு இங்கதான் எண்ணெய் தேச்சுக்குவேன்."

பூட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். அன்று மாலையே அர்த்தநாரி களிமண் குழைத்து அந்தப் பொந்தை அடைத்துவிட்டார்.

தீபாவளி வந்தது. அவர் கூப்பிடவில்லை. அவனும் அழைப்பில்லாமல் வரவில்லை. அப்பனும் மகனும் பிடிவாதத்தில் ஒரே அச்சு.

*

ஸ்டுடியோவில் மயில்சாமி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தான். இங்கிலீஷ் படங்களில் வருவது போன்ற ஆட்டம் ஒன்றைத் தமிழ்ப் படத்தில் வைக்க ஆசைப்பட்டார்கள். கதாநாயகன் பார்க்க லட்சணமானவர். மூன்று அடி வைத்தால் நாலாவது அடிக்குச் சோடா கேட்பார். அதனால் அவரைப் சத்தம் வராதபடி அடியில் பஞ்சு வைத்த ஜோடுகளோடு ஆடவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு, சத்தத்தைத் தனியாகச் சேர்ப்பது என்று முடிவாயிற்று.

ஒவ்வோர் அமாவாசையும் கந்தம்மாள் சித்தர் கோவிலுக்குப் போவாள். காளியண்ணனும் வருவான். குழந்தை பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு போனாள். அர்த்தநாரி ஒரு தடவைகூட, "மாசாமாசம் கோவிலுக்கு என்ன அவசரம்?" என்று கேட்டதில்லை. அதை அப்போது அவள் யோசிக்கவில்லை.

மகளை மடியில் கிடத்தி, அவள் உள்ளங்காலில் விரலால் தட்டிக்கொண்டே காளியண்ணன் ஸ்டுடியோ கதை சொல்வான். "இருட்டு ரூம் புள்ளே. முன்னால தெரையில அந்தாளு குதிக்கறாரு. கீழே பலகை போட்டு அதுமேல நானு. மயிலு டோலக்கை வெச்சுக்கிட்டு அக்கட்டால உக்காந்திருப்பான். அந்தாளு கால் கீழே படற நேரத்துக்கு என்ற காலு பலகையில படோணும். ஒரு நூல் பிசகுனாலும் திரும்ப மொதல்லேருந்து."

"உங்க மூஞ்சி படத்துல வராதா?"

"மூஞ்சியை வெச்சு என்ன பண்றது? சத்தம் வருதில்ல? அந்த சவுண்டு எஞ்சினியருதான் கத்தறாரு. உன்ற எடது காலு எப்பவும் மயிரிழை தாமதமா விழுதேய்யா, சரி பண்ணுங்கறாரு. நானும் பார்த்துட்டேன், வர மாட்டேங்குது. கடைசியில, போச்சாது, அதுவும் கேக்க நல்லாத்தான் இருக்குதுன்னு விட்டுட்டாரு."

"மாமாகிட்ட நான் சொல்லட்டுங்களா? ஒண்ணேகால் வருஷம் ஆச்சுங்க."

"படம் வரட்டும். அதை அவரு ஒருக்காக் கேக்கட்டும். கேட்டுட்டாருன்னா அப்புறம் நீ என்ன சொன்னாலும் அவருக்குக் கோவம் வராது."

அதுதான் அவன் அவளிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது. தை மாதம் விஷக் காய்ச்சல் வந்து பதினாறு நாள் பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். தேறிவிடுவேன் என்று சொல்லி, வீட்டுக்குத் தகவல் அனுப்ப அவன் விடவில்லை. செய்தி இளம்பிள்ளைக்கு வந்து, அர்த்தநாரி மாட்டு வண்டியைப் பூட்டி, பத்து மைல் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்தக் கால் படியேறித்தான் வந்தது, நாலு பேர் தோளில்.

சித்திரையில் படம் சேலத்தில் வந்தது. கந்தம்மாள் மயில்சாமியின் மனைவியோடு போய்ப் பார்த்தாள். திரையில் பவுடர் பூசிய யாரோ ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார். டோலக் கேட்டது: திடுதிடு தா, திடுதிடு தா. பதில் வந்தது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வலது கால், வலது கால், இதோ மயிரிழை தாமதமாக இடது கால். கொட்டகையில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவள் புருஷன் அவளைப் பார்த்து நடந்து வந்தான். மூன்றரை நிமிஷம். அந்த ஓட்டத்தில் அவள் நாலு தடவை போனாள். அதன் பிறகு படம் வேறு ஊர்களுக்குப் போய்விட்டது.

மாமனாரிடம் உண்மையைச் சொல்லும் தைரியம் அவளுக்கு வரவில்லை. ஒருநாள் அவர் அந்தக் கால் சத்தத்தைக் கேட்பார், கேட்டதும் அவர் மனசு இளகும், அப்போது சொல்லிவிடலாம் என்று புருஷனின் வார்த்தையையே பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது அந்தப் படம் நடந்து போகும் தூரத்துக்கு வந்துவிட்டது.

*

அன்று மத்தியானம் சோறு போடும்போது பேச்சை எடுத்தாள்.

"மாமா, வெள்ளிக்கிழமை பொழுதோட கொட்டகைக்குப் போலாமுங்களா?"

அர்த்தநாரி தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "ஆட்டம் பார்க்கற வயசா எனக்கு?"

"அவரு வேலை செஞ்ச படமுங்க அது."

"செத்தவனைத் தெரையில பார்க்கோணுமா?"

"பார்க்க முடியாதுங்க. கேக்கத்தான் முடியும்."

அவர் கை சோற்றில் அப்படியே நின்றது. மோரை ஊற்றினாள். அவர் அதைக் குடிக்காமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். கந்தம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள். அடுத்த வீட்டுக் கண்ணாத்தாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"ஏன் அம்மிணி, கல்லைப் போய்க் கரைக்கப் பார்க்கறே? அந்தாளு சாமிகிட்டயே ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டாரு."

"உங்க ஊட்டுக்காரரு பேசற பேச்சுக்கு எங்க மாமா பேசாம இருக்கறதே ஊருக்கு நல்லதுங்கக்கா" என்றாள் கந்தம்மாள். கண்ணாத்தாள் சிரித்துவிட்டாள். கந்தம்மாளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வெள்ளி போயிற்று. சனி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம், அர்த்தநாரி தறியை நிறுத்திவிட்டுக் குழியிலிருந்து ஏறினார். கால் கழுவினார். பெட்டியிலிருந்து மடிப்புக் கலையாத சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, பேத்தியைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"எந்த நேரத்துக்குப் போடறாங்க?"

கந்தம்மாள் சேலையை மாற்றவும் மறந்து அவர் பின்னால் ஓடினாள்.

கூடாரத்துக்குள் மணல் தரையில் ஆண்கள் பக்கம் அவரும் பெண்கள் பக்கம் அவளும் உட்கார்ந்தார்கள். நடுவில் இடுப்புயர மண் சுவர். அவர் தலை அவளுக்குத் தெரிந்தது. முதலில் யுத்தச் செய்திப் படம் காட்டினார்கள். டாங்கிகள் போயின, சிப்பாய்கள் கையாட்டினார்கள். அது நெடுநேரம் ஓடியது. "இதைத்தான் தெனமும் கேக்கறமே, படத்தைப் போடுங்கய்யா!" என்று யாரோ விசிலடித்தார்கள்.

பிறகு படம். ஐந்தாவது பாட்டு முடிந்தால் அந்தக் கட்டம். கந்தம்மாளுக்கு ஒவ்வொரு காட்சியும் மனப்பாடம். கதாநாயகி கோபித்துக்கொண்டு மாடிக்குப் போவாள். கதாநாயகன் கீழே நின்று கையைத் தட்டுவான். டோலக்காரன் ஒருவன் தூணுக்குப் பின்னாலிருந்து வருவான். அவள் மாமனாரின் தலையைப் பார்த்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேத்தி மடியில் தூங்கிவிட்டிருந்தாள்.

டோலக் கேட்டது: திடுதிடு தா, திடுதிடு தா.

கந்தம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பதில் வரவில்லை. ஒரு கரகரப்பு. ரயில் ஊதும் சத்தம். கண்ணைத் திறந்தாள். கதாநாயகன் ஏதோ ஒரு ரயிலடியில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான். அடுத்த காட்சி அது. அதற்கடுத்ததும் வந்தது. கூட்டத்தில் யாரும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை.

படம் முடிந்ததும் அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு படம் ஓட்டும் எந்திரம் இருந்த தட்டி மறைப்புக்குப் போனாள். ஆப்பரேட்டர் ராசப்பன் சுருளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"டோலக் அடிச்சதும் ஓர் ஆட்டம் வருமுங்களே, அது எங்கீங்க?"

"அதுங்களா? வெட்டியாச்சு. செய்திப் படம் கட்டாயம் காட்டோணுமுன்னு சட்டம். ரெண்டு காட்சி ஓட்ட நேரம் பத்தோணுமில்லீங்க? கதையிலயும் சேராம, பாட்டுலயும் சேராம வெறுமனே காலைத் தட்டறதுதானே அது. எடுத்தாலும் கதை கெடாதுங்க."

"அந்தத் துண்டு…?"

"முந்தின ஊர்லயே வெட்டுனதுங்க. எங்க கெடக்குதோ. இந்தப் படத்துக்கு ஓடற மாதிரி பிரதி இது ஒண்ணுதான் மிச்சமுன்னு சொன்னாங்க." அவள் முகத்தைப் பார்த்து அவன் குரல் மாறியது. "ஏனுங்கம்மா, அதுல வேண்டப்பட்டவங்க ஆராச்சும் ஆடுனாங்களா?"

கந்தம்மாள் திரும்பினாள். பின்னால் அர்த்தநாரி குழந்தையோடு நின்றுகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டிருந்தார். "வா அம்மிணி, புள்ளைக்குப் பனி ஆகாது" என்று மட்டும் சொன்னார்.

*

விடிந்ததும் அவர் வழக்கம்போலக் கால் கழுவிக் குழியில் இறங்கினார். தறி ஓடும் சத்தம் கேட்கவில்லை. கந்தம்மாள் வாசல் தெளித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். ஊடை நூல் ஓட்டும் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

இனி எதற்காகக் காத்திருப்பது? அவள் தறியோரம் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, அன்னிக்கு அவரு குழியில எறங்கலீங்க. பூட்ஸை நாந்தான் பொந்துல ஒளிச்சு வெச்சேன். எங்கூர்ல பூசையன்னிக்கு ஆரும் எறங்க மாட்டாங்க. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன். என்னைக் காப்பாத்தறதுக்குத்தான் அவரு பழியை ஏத்துக்கிட்டாருங்க. மூணு வருசமாச் சொல்லாம இருந்துட்டேன். என்னாலதான் அவரு…" முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அர்த்தநாரி நாடாவைக் கீழே வைத்தார்.

"மிதிகட்டையில கீறல் இல்லை" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"இரும்பு வெச்ச பூட்ஸோட மிதிச்சா மரத்துல தடம் விழாதா? அன்னிக்குச் சாயங்காலம் பொந்தை அடைக்க எறங்குனேன். மஞ்சளை அழிச்சுத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அவன் எறங்கலைன்னு தெரிஞ்சுபோச்சு. பூட்ஸ் சுத்தியிருந்த துணியும் உன்ற பழைய ரவிக்கைத் துணி."

"மாமா!"

"தெரிஞ்சு என்ன? போன்னு சொன்னது நானு. வான்னு நானே போய்ச் சொல்லோணுமா, அவனே வரட்டுமேன்னு இருந்தேன். தீவாளிக்கு வருவான்னு சட்டை எடுத்து வெச்சேன். பொங்கலுக்கு வருவான்னு இருந்தேன். நீ அமாவாசைக்கு அமாவாசை போய்ப் பார்த்துட்டு வாரேன்னு தெரியும். இந்தத் தடவை கூட்டிட்டு வந்துருவே, இந்தத் தடவை கூட்டிட்டு வந்துருவேன்னு… நேத்துப் போட்டுக்கிட்டேனே, அந்தச் சட்டைதான்."

கந்தம்மாள் தறியின் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை. தெருவில் ஒன்றிரண்டு தறிகள் ஓட ஆரம்பித்தன. நூல் தட்டுப்பாட்டில் தெருவில் பாதித் தறிகள் ஓய்ந்து கிடந்த காலம் அது.

நெடுநேரம் கழித்து அவர் கேட்டார். "அவன் காலு எப்படிக் கேட்டுச்சு அதுல?"

"நல்லா இருந்துச்சுங்க. எடது காலு மட்டும் ஒரு மயிரிழை பிந்தி விழும். எஞ்சினியரு எவ்வளவோ சொல்லியும் மாத்த முடியலீங்களாம்."

அர்த்தநாரி முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சிரிக்கிறாரா என்று அவள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"எப்படி மாறும்? எட்டு வயசுல குழியில எறக்குனேன். எடது மிதி அவனுக்கு எட்டாது. எக்கி எக்கித்தான் மிதிப்பான். வளந்ததுக்கு அப்புறமும் அந்த எக்கல் போகலை. துணியில தெரியும். ஓர் இழை இறுகியும் ஓர் இழை தளர்ந்தும் இருக்கும். அதுக்காக எத்தனை அடி அடிச்சிருப்பேன். நூறு துணியைக் குவிச்சு வெச்சாலும் கண்ணை மூடிக்கிட்டு அவன் நெய்ததை எடுத்துருவேன்."

அவர் நாடாவை எடுத்தார். மறுபடியும் கீழே வைத்தார்.

"அந்த டோலக் நேத்துக் கேட்டுச்சே. அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

கந்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெய்த துணி சுற்றியிருந்த கட்டையின் மேல் விரல் முட்டியால் தட்டினாள். திடுதிடு தா, திடுதிடு தா. பிறகு பதிலை வாயால் சொன்னாள். எங்கே வலது, எங்கே இடது, எங்கே நிறுத்தம். நாலு தடவை கேட்டதுதான், ஆனால் ஒன்றையும் விடவில்லை.

"இன்னொருக்காத் தட்டு" என்றார் அவர்.

அவள் தட்டினாள். குழிக்குள் அவர் கால்கள் மிதித்தன. வலது, வலது, இடது. சீராக, பிசகில்லாமல் விழுந்தது.

"இப்படி இல்லீங்க மாமா. எடது கொஞ்சம் பிந்தோணும்."

"தெரியும்" என்றார். அறுபது வருஷம் ஒரே சீராக மிதித்த கால் அது. அதைப் பிசகவைக்க அவர் மிகவும் கஷ்டப்பட்டார். மூன்றாம் தடவை சற்றுப் பிந்தியது. ஐந்தாம் தடவை அது வந்துவிட்டது. கந்தம்மாளின் விரல்கள் கட்டையின் மேல் அப்படியே நின்றுபோயின.

அவர் நிறுத்தவில்லை. அந்த மிதியிலேயே நாடாவை ஓட்டினார். இழையை இறுக்கும் பலகையை இழுத்து இழுத்து அடித்தார். குழியின் பக்கச் சுவரில் மூன்று வருஷத்துக்கு முன் பூசிய களிமண் அந்த அதிர்வில் லேசாக உதிர்ந்தது. சாரதாமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து வந்து, அழுகிற அம்மாவையும் அழுகிற தாத்தாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவின் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

அர்த்தநாரி நெய்த துணியில் குற்றம் சொல்ல அதுவரை எந்தக் கடைக்காரருக்கும் இடம் கிடைத்ததில்லை. அன்று காலை அவர் நெய்த ஒரு முழத்தில், ஓர் இழை இறுகியும் ஓர் இழை தளர்ந்தும் இருந்தது. புடவை முடிந்து தறியிலிருந்து இறங்கியதும் அவர் அதைக் கடைக்கு அனுப்பவில்லை. கந்தம்மாளிடம் நீட்டினார்.

"எடுத்து வெய்யி" என்றார். "காளியண்ணன் நெய்தது."